பொம்மைக்கு வைத்த மொய்

ஒரு சமையலறை மேஜை. சுற்றி மூன்று பேர். நூல் துடைப்பத்தைத் தலைகீழாக நிறுத்தினாற்போல ஒரு சிவப்பு ஆசாமி, மஞ்சள் முகத்தோடு ஒரு பையன், கோட்டுப் போட்ட பச்சை வாத்து. எல்லாம் பொம்மைகள். மேஜை மேல் இருக்கும் நோட்டுப்புத்தகம் திடீரென்று கண் திறந்து, கற்பனைத் திறன் பற்றிப் பாட்டாகவே பாடம் நடத்துகிறது. குழந்தைகள் ரைம்ஸ்தானே என்று நீங்கள் எழுந்து காபி போடப் போய்விடுவீர்கள்.

போகாதீர்கள். உனக்குப் பிடித்த நிறம் எது என்று கேட்கிறது நோட்டு. பச்சை என்கிறான் பையன். அதெல்லாம் கூடாது என்கிறது. ஆசையாக அவன் வரைந்த கோமாளிப் படத்தின் மேல் கறுப்புச் சாயம் வழிகிறது. கடைசியில் கேக் வெட்டுகிறார்கள். உள்ளே பச்சை மாமிசம். மொத்தமே மூன்று நிமிடச் சொச்சம். பார்த்து முடித்தபோது என் காபி ஆறிப் போயிருந்தது.

'டோன்ட் ஹக் மீ ஐயாம் ஸ்கேர்ட்.' கட்டிப்பிடிக்காதே, பயமாக இருக்கிறது என்று அர்த்தம். பெக்கி ஸ்லோன், ஜோ பெல்லிங் என்ற இரண்டு இங்கிலாந்து இளைஞர்கள் 2011-ல் கைக்காசில், நண்பர்கள் தயவில் எடுத்து இணையத்தில் போட்டார்கள். துணிப் பொம்மை, களிமண், கம்ப்யூட்டர் அனிமேஷன் எல்லாம் கலந்த அவியல். கோடிக்கணக்கான தடவை பார்க்கப்பட்டது. 2014 ஜனவரியில் இரண்டாவது படம் வந்தது. சுவர்க்கடிகாரம் 'நேரம்' பற்றிப் பாடம் எடுக்க, மூவரும் நம் கண்ணெதிரே அழுகிப் போகிறார்கள். அதற்குச் செலவு செய்தது சேனல் 4 தொலைக்காட்சியின் குறும்படப் பிரிவு.

இந்த இடத்தில் நம்மூர் ஆளாக இருந்தால் என்ன செய்வார்? பெரிய டி.வி. கம்பெனி எதிலாவது போய் உட்கார்ந்து ஐம்பத்திரண்டு வாரத்துக்குக் கையெழுத்துப் போடுவார். இவர்களுக்கும் பெரிய இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. போகவில்லை. இஷ்டப்படி கிறுக்குத்தனம் செய்யும் உரிமை போய்விடும் என்ற பயம்தான் காரணம். 2014 மே மாதம் நேராக ரசிகர்களிடமே வந்து கையேந்தினார்கள். இன்னும் நாலு படம். 96,000 பவுண்டு வேண்டும். அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட ஒரு கோடி ரூபாய்.

கையேந்தியது என்றா சொன்னேன்? தப்பு. மிரட்டினார்கள். பொம்மைகளை யாரோ கடத்திக் கட்டிப் போட்டு, பணம் வந்தால்தான் விடுவோம் என்று சொல்வது போல வீடியோ வெளியிட்டார்கள். பேய்ப் படத்துக்கு வசூல் செய்வதையே ஒரு பேய்ப் படமாக்கியது, இந்தத் தொடரின் ஏழாவது எபிசோடு என்று சொல்லத் தக்க சாமர்த்தியம்.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்குக் கணக்குப் பக்கம்தான் கண் போகும். வசூல் நடந்த கிக்ஸ்டார்ட்டரின் விதி எளிது. கெடு தேதிக்குள் கேட்ட தொகை சேராவிட்டால் யார் கார்டிலிருந்தும் ஒரு பைசா எடுக்க மாட்டார்கள். சேர்ந்துவிட்டால் ஐந்து சதவிகிதம் கமிஷன், பணப் பரிமாற்றச் செலவு தனி. நடுவில் ஒரு புண்ணியவான் 35,000 பவுண்டு தருவதாகப் போலியாகப் பதிந்து, அது ரத்தானது. மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போயிற்று! அப்படியும் ஜூன் 19-ல் கெடு முடிந்தபோது சேர்ந்திருந்தது 1,04,935 பவுண்டு. டாம்ஸ்கா என்ற யூடியூபர் மட்டும் 5,000 கொடுத்து நிர்வாகத் தயாரிப்பாளர் என்று பெயர் போட்டுக்கொண்டார்.

இந்தப் பணத்துக்கு என்ன பெயர்? ஷேர் இல்லை. லாபத்தில் பங்கு கிடையாது. கடன் இல்லை. வட்டி கிடையாது. தர்மமும் இல்லை. பதிலுக்கு ஒன்றை எதிர்பார்த்துத்தான் தருகிறார்கள். யோசித்தால் நம்மூர் மொய்தான் பக்கத்தில் வருகிறது. நோட்டில் பேர் எழுதுவார்கள், இலை போடுவார்கள். ஆனால் மொய் வைத்ததால் கல்யாண மண்டபம் உங்களுடையது ஆகாது.

இது இன்டர்நெட் கண்டுபிடித்ததும் இல்லை. 1976-ல் ஷியாம் பெனகல் எடுத்த 'மந்தன்' படத்துக்குக் குஜராத் பால்காரர்கள் ஐந்து லட்சம் பேர் தலைக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். பத்து லட்சம். அது அவர்களுடைய கதை. கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். பொம்மைத் தொடருக்குக் கொடுத்தவர்களோ தங்கள் கதைக்குக் கொடுக்கவில்லை. அடுத்தவன் கெட்ட கனவுக்குக் கொடுத்தார்கள். அதற்கு இன்னும் கொஞ்சம் பெரிய மனசு வேண்டும்.

சரி, கொடுத்த காசுக்கு வந்ததா? மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வாக்குக் கொடுத்தார்கள். செப்டம்பர் 2014-ல் தொடங்கினால் ஜூன் 2015-ல் முடிந்திருக்க வேண்டும். முடிந்தது 2016 ஜூன் 19. முழுசாக ஒரு வருஷம் லேட்.

ஆனால் வந்தவற்றைப் பாருங்கள். நாலாவது படத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார் மூவரையும் டிஜிட்டல் உலகத்துக்குள் இழுத்துப் போடுகிறார். வேண்டுமென்றே மலிவாகச் செய்த கம்ப்யூட்டர் அனிமேஷன். பளபளவென்று, உயிரில்லாமல். எங்கே போனாலும் அதே மூன்று கதவுகள். திரும்பத் திரும்ப அதே கூத்து. காசில்லாததால் மலிவு என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அந்த மலிவுதான் அங்கே பேய். ஐந்தாவதில் உணவு பற்றிப் பாடம். சிவப்பு ஆசாமியைக் காணோம். அவனைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை. டெலிபோன் மட்டும் விட்டு விட்டு அடிக்கிறது. வாத்துக்கு என்ன ஆகிறது என்பதைச் சாப்பிடும் நேரத்தில் படிக்கிறவர்களை உத்தேசித்து விட்டுவிடுகிறேன். என் கணக்கில் ஆறில் இதுதான் உச்சம்.

மூன்றாவது, காதலைப் பற்றியது, எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. வண்ணத்துப்பூச்சி பாடும் பாட்டு இனிக்கிறது. பயம் மட்டும் ஏற்கெனவே பார்த்த பயம். முதல் படத்தின் வெற்றி ஃபார்முலாவைக் காசு கொடுத்தவர்களுக்காக ஒரு தடவை திருப்பிச் செய்து காட்டியது போல இருந்தது. கூட்டத்தின் காசில் இருக்கும் ஆபத்து இதுதான். முதலாளி ஒருத்தன் என்றால் சண்டை போடலாம். ஆயிரக்கணக்கான ரசிகர்கள் அன்பாகக் கேட்டால் என்ன செய்வது? நல்லவேளை, அடுத்த மூன்றில் அவர்கள் அன்புக்குப் பணியவில்லை.

இதே ஊருணியில் இறங்கிய பெரிய யானை ஒன்றின் கதையும் உண்டு. 'தி கூன்' என்ற பேய்க்கதைக் காமிக்ஸை முழு கம்ப்யூட்டர் அனிமேஷன் படமாக்க 2012-ல் டேவிட் ஃபின்ச்சரும் ப்ளர் ஸ்டூடியோவும் இதே கிக்ஸ்டார்ட்டருக்கு வந்தார்கள். கேட்டது 4 லட்சம் டாலர், கிடைத்தது அதற்கும் மேல். ஏமாற்று ஏதும் இல்லை. படத்துக்கு இல்லை, அதன் மாதிரி ஓவியத் தொகுப்புக்குத்தான் இந்தப் பணம் என்று சொல்லியே வாங்கினார்கள். அதைச் செய்தும் முடித்தார்கள். பெரிய ஸ்டூடியோ யாராவது பார்த்து மயங்கிப் பணம் போடுவார்கள் என்பது திட்டம். பத்து வருஷம் தாண்டியும் படம் திரைக்கு வரவில்லை. அங்கே கூட்டத்தின் பணம் முதலாளி வீட்டுக் கதவைத் தட்டத்தான் பயன்பட்டது. பொம்மைக்காரர்களுக்கோ, அந்தக் கதவைத் தட்டாமலே இருக்கப் பயன்பட்டது. வித்தியாசம் அவ்வளவுதான். ரொம்பப் பெரிய வித்தியாசம்.

பிற்பாடு 2022-ல் சேனல் 4 இந்தத் தொடரை டி.வி.க்குக் கொண்டு வந்தது. ஆறு எபிசோடு. கிறுக்குத்தனம் குறையவில்லை. சொந்தக் காலில் நின்று காட்டிவிட்டுப் போனவனிடம் பேரம் வேறு மாதிரி நடக்கும்.

ஆறாவது படத்துக்கு வருகிறேன். தப்பித்த சிவப்பு ஆசாமி ஒரு பெரிய யந்திரத்தைக் கண்டுபிடிக்கிறான். நோட்டு, கடிகாரம், கம்ப்யூட்டர் என்று வாத்தியார்களை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தது அதுதான். பின்னாலிருந்து ஒரு நீளமான கை வந்து அவன் தோளைத் தொடுகிறது. பையனின் அப்பா. இத்தனை நாள் மூலையில் நின்று வேடிக்கை பார்த்தவர். யார் அவர், விளம்பரதாரரா, டி.வி. முதலாளியா என்று ரசிகர்கள் ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்கள். எனக்கு வேறு சந்தேகம். அந்தக் கை, காசு கொடுத்தவர்களின் கையாகவும் இருக்கலாம். சிவப்பு ஆசாமி பிளக்கைப் பிடுங்குகிறான். எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. இந்தத் தடவை மூன்று பேருக்கும் வேறு நிறம். அவரவருக்குப் பிடித்த நிறம். பையனுக்குப் பச்சை.

நாளைக்கே உங்களிடமும் தெரிந்த பையன் ஒருவன் லேப்டாப்போடு வரலாம். சார், ஒரு பேய் சீரியல் பண்றேன், ஒரு ஐந்நூறு ரூபாய் போடுங்க என்பான். இதுவரைக்கும் என்ன செய்திருக்கிறாய், இந்தக் காசில் எதுவரைக்கும் முடிப்பாய் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் சரியாக இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

கொடுத்த பிறகு தோளைத் தொடாதீர்கள். மொய் எழுதியவன் சமையல்கட்டுக்குப் போய் உப்புப் பார்க்கக் கூடாது.