மண்டியிட்ட கேப்டனும் நிற்காத போரும்

ஒரு ஃபுட்பால் ஆட்டக்காரர் தன் நாட்டின் உள்நாட்டுப் போரை ஒரே பேச்சில் நிறுத்திவிட்டார் என்றொரு கதை இருபது வருஷமாக உலகம் முழுக்கச் சுற்றி வருகிறது. நாடு ஐவரி கோஸ்ட். ஆள் டிடியே ட்ரோக்பா. சொல்கிறவர்கள் எல்லோருமே நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், கேட்கிறவர்களுக்கும் கண் கலங்கிவிடுகிறது. இங்கேதான் நமக்குச் சந்தேகம் வர வேண்டும். வரலாற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஒரு அழகான படத்தை மாட்டி வைப்பதுதான் தொன்மம் செய்கிற வேலை என்று ரோலான் பார்த் காட்டியிருக்கிறார். ட்ரோக்பா கதை அதற்குப் பாடப் புத்தக உதாரணம்.

காட்சியைப் பார்ப்போம். 2005 அக்டோபர் 8, சூடானின் ஒம்துர்மான் நகரம். ஐவரி கோஸ்ட் சூடானை 3-1 என்று தோற்கடிக்கிறது. அதே நேரத்தில் எகிப்தோடு ஆடிக்கொண்டிருந்த கேமரூன் கடைசி நிமிடங்களில் ஒரு பெனால்டியைக் கோட்டை விடுகிறது. ஐவரி கோஸ்ட் முதல் தடவையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெறுகிறது. உடைமாற்றும் அறையில் டி.வி. காமிரா. ட்ரோக்பா மைக்கைப் பிடித்து, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு என்று திசைகளைச் சொல்லி மக்களை அழைக்கிறார். நாம் எல்லோரும் சேர்ந்து வாழ முடியும், சேர்ந்து ஆட முடியும் என்பதை இன்றைக்குக் காட்டிவிட்டோம் என்கிறார். சுற்றி நிற்கிற சகாக்களோடு மண்டியிடுகிறார். மன்னித்துக்கொள்ளுங்கள், ஆயுதங்களைக் கீழே வையுங்கள், தேர்தல் நடத்துங்கள் என்று கெஞ்சுகிறார். பிறகு எழுந்து பாட்டு. மொத்தமே ஒரு நிமிஷச் சமாச்சாரம்தான்.

இந்தப் பிரதியில் யார் யாரிடம் மண்டியிடுகிறார்கள்? ஜனாதிபதி லோரான் பாக்போவிடம் இல்லை, வடக்கைப் பிடித்து வைத்திருந்த கிளர்ச்சிக்காரர்களிடமும் இல்லை. ‘ஐவரி கோஸ்ட்வாசிகளே’ என்றுதான் விளி. ஆனால் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் பொதுஜனங்கள் அல்லவே. மன்னிப்பு என்கிற வார்த்தையும் அந்தரத்தில் தொங்குகிறது. யார் யாரை, எதற்காக மன்னிப்பது? அது சொல்லப்படவில்லை. சொல்ல ஆரம்பித்திருந்தால் அந்த ஒரு நிமிஷம் போதாது.

போதாது என்பதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். 1960இல் சுதந்திரம். 1993இல் சாகும்வரை ஹூஃபூவே-புவாஞியின் ஆட்சி. கோகோ தோட்டங்களில் வேலை செய்ய இன்றைய பூர்க்கினா ஃபாசோவிலிருந்தும் மாலியிலிருந்தும் லட்சக்கணக்கானவர்கள் வந்து குடியேறினார்கள். கோகோ விலை விழுந்ததும் கேள்வி எழுந்தது: இவன் யார், நம்ம ஆளா? ஹூஃபூவேக்குப் பின் வந்த ஹான்ரி கோனான் பெதியே காலத்தில் இந்தக் கேள்வி ‘இவ்வாரித்தே’ என்ற பெயரில் ஒரு தத்துவமாகவே ஆயிற்று. ‘அசல் ஐவரியத்தனம்’ என்று வைத்துக்கொள்ளலாம். தாய் தகப்பன் இருவருமே இந்நாட்டில் பிறந்தவர்களா என்று கேட்டு, வடக்கைச் சேர்ந்த அலாசான் வத்தாராவை 2000 ஜனாதிபதித் தேர்தலில் நிற்க விடாமல் செய்தார்கள். வடக்கத்திப் பெயர் உள்ளவர்களின் அடையாள அட்டை சாவடிகளில் சந்தேகத்தோடு புரட்டப்பட்டது. 2002 செப்டம்பர் 19 அன்று வெடித்த போரின் வேர் இதில் இருக்கிறது.

ட்ரோக்பா தேசிய அணிக்கு முதலில் ஆடியது 2002 செப்டம்பர் 8. சரியாகப் பதினொரு நாள் முன்னால். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஆப்பிரிக்கக் கோப்பையில் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பிய அணியை ராணுவ ஆட்சியாளர் ரோபேர் கெயி ஒரு படை முகாமுக்குக் கொண்டுபோய்ச் சில நாட்கள் அடைத்து வைத்தார். தோற்றதற்குத் தண்டனை! ஃபுட்பால் வேறு, அரசியல் வேறு என்று பேசுகிறவர்கள் இதை என்ன செய்வார்களோ தெரியவில்லை.

என்னைக் கேட்டால், ஒம்துர்மான் காட்சியின் அசல் வலிமை பேச்சில் இல்லை, மண்டியிட்டவர்களின் பெயர்ப் பட்டியலில் இருக்கிறது. ட்ரோக்பா பேத்தே இனத்தவர், பாக்போவின் இனம். கோலோ தூரே பிறந்தது பூவாக்கே நகரத்தில், அதாவது கிளர்ச்சிக்காரர்களின் தலைநகரில். தூரே என்பது சாவடியில் நிறுத்தப்படுகிற பெயர். இந்தப் பெயர்கள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடி ஜெயித்ததே இவ்வாரித்தேக்கு எதிரான வாதம். வாய் திறக்காமலே செய்த வாதம். ‘போரை நிறுத்திய நாயகன்’ கதை விழுங்கிவிடுவது முதலில் இதைத்தான். பதினொரு பேர் கரைந்து ஒரே ஆள் மிஞ்சுகிறார்.

சரி, போர் நின்றதா? 2005 அக்டோபர் கடைசியில் நடந்திருக்க வேண்டிய ஜனாதிபதித் தேர்தல் நடக்கவில்லை. ட்ரோக்பா மண்டியிட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. தேர்தல் ஐந்து வருஷம் தள்ளிப்போயிற்று. 2007 மார்ச் 4இல் ஊகாதூகுவில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கிய ட்ரோக்பா கோப்பையோடு பூவாக்கே போய், மடகாஸ்கரோடான ஆட்டத்தை இங்கேயே நடத்தலாம் என்றார். ஜூன் 3 அன்று நடந்தது. 5-0. ஐந்தாவது கோல் அவருடையது. பெரிய காரியம்தான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ஒப்பந்தம், பிறகு ஆட்டம். ஆட்டம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 29 அன்று அதே பூவாக்கே விமான நிலையத்தில் பிரதமர் கியோம் சோரோவின் விமானத்தை ராக்கெட்டால் தாக்கினார்கள். நான்கு பேர் செத்தார்கள். கடைசியில், ட்ரோக்பா கேட்ட தேர்தல் 2010இல் வந்தபோது அதுவே அடுத்த போரைக் கொண்டுவந்தது. தோற்ற பாக்போ நாற்காலியை விடவில்லை. அவர் 2011 ஏப்ரலில் கைதாவதற்குள் ஏறக்குறைய 3,000 பேர் செத்திருந்தார்கள்.

அவருடைய ஆட்ட வாழ்க்கைக்கு வருவோம். ஆப்பிரிக்க ஆட்டக்காரர் ஐரோப்பாவுக்குப் போவதை கோகோ ஏற்றுமதியோடு ஒப்பிடுவது நம் இடதுசாரி நண்பர்களுக்குப் பழக்கம். தூரே சகோதரர்களுக்கு அது ஓரளவு பொருந்தும்: அபிஜானின் அசெக் மிமோசா பயிற்சிக்கூடத்தில் வளர்ந்து ஐரோப்பாவுக்குப் போனவர்கள். ட்ரோக்பாவுக்குப் பொருந்தாது. ஐந்து வயதில், பிரான்ஸில் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்த மாமா மிஷெல் கோபாவிடம் அனுப்பப்பட்ட பையன் அவர். மாமாவின் ஒப்பந்தம் எந்த ஊருக்கோ அந்த ஊர்ப் பள்ளிக்கூடம். பையன் நடுவில் ஏங்கிப்போய் அபிஜானுக்குத் திரும்பியதும் உண்டு. லெ மான் கிளப்பில் தொழில்முறை ஒப்பந்தம் கிடைத்தபோது வயது 21. அந்தத் தொழிலில் அது ரொம்பத் தாமதம். கங்காம், மார்செய், பிறகு 2004இல் 2.4 கோடி பவுண்டுக்கு செல்ஸி. எங்கேயும் முழுதாகச் சேராதவர் ஒருவர் நாட்டின் பெயரால் பேசினார் என்பதைக் கதை சொல்லிகள் கவனிப்பதில்லை. ‘அசல்’ யார் என்று கேட்கிற நாட்டில் இது சாதாரண விஷயமா?

தேசிய அணிக்கு 105 ஆட்டம், 65 கோல். அந்த நாட்டின் சாதனை. ஆனால் கோப்பை? 2006 கெய்ரோ இறுதியாட்டத்தில் அவர் அடித்த பெனால்டியை எகிப்துக் கோல்காப்பாளர் பிடித்துவிட்டார். 2012 பிப்ரவரி 12, லிப்ரவில், சாம்பியாவோடு இறுதியாட்டம். கேப்டன் அடித்த பெனால்டி கம்பத்துக்கு மேலே போயிற்று, அணி தோற்றது. அதே வருஷம் மே 19 அன்று மியூனிக்கில் செல்ஸிக்காக 88ஆவது நிமிடத்தில் தலையால் சமன் செய்து, கடைசிப் பெனால்டியையும் அடித்து ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். கிளப்புக்குக் கிடைத்தது நாட்டுக்குக் கிடைக்கவில்லை. அவர் தேசிய அணியை விட்டு விலகிய அடுத்த வருஷம், 2015இல், அணி ஆப்பிரிக்கக் கோப்பையை ஜெயித்தது. தோற்ற கேப்டன் ட்ரோக்பாவை எனக்குப் பிடிக்கும். 2010இல் முழங்கை முறிந்து கட்டோடு உலகக் கோப்பைக்கு வந்து பிரேசிலுக்கு எதிராகக் கோல் அடித்த அந்த ஆள், தொன்மத்து ட்ரோக்பாவைவிட எவ்வளவோ சுவாரஸ்யமானவர்.

வெளியே இருக்கிற நாயகனுக்கு உள்ளே என்ன மதிப்பு? 2011இல் உண்மை, நல்லிணக்க ஆணையத்தில் உறுப்பினராக்கினார்கள். வெளிநாடுவாழ் மக்களின் பிரதிநிதியாக! 2022 ஏப்ரலில் நாட்டின் கால்பந்துச் சம்மேளனத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். முதல் சுற்றிலேயே மூன்றாவதாக வந்து வெளியேறினார். போரையே நிறுத்தினார் என்று உலகம் நம்புகிறவருக்கு உள்ளூர் கிளப் நிர்வாகிகளின் ஓட்டு விழவில்லை. ஓட்டு எங்கே, யார் கையில் இருக்கிறது என்று கிளப்காரர்களுக்குத் தெரியும். தொன்மத்துக்கு வாக்குரிமை கிடையாது.

2024 பிப்ரவரியில் சொந்த மண்ணில் ஐவரி கோஸ்ட் மறுபடியும் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது. நைஜீரியாவோடு இறுதியாட்டம் நடந்த மைதானத்தின் பெயர் அலாசான் வத்தாரா அரங்கம். ஒரு காலத்தில் நீ இந்நாட்டானா என்று கேட்டு விலக்கப்பட்ட அதே வத்தாரா. 2025 ஏப்ரலில், அவருக்கு எதிராக நிற்கத் தயாரான தீஜான் தியாமின் பெயரை நீதிமன்றம் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது. காரணம், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றிருந்தார் என்பது. அக்டோபரில் வத்தாரா நான்காவது முறையாக ஜெயித்தார்.