நாவலும் வாசகரின் சாட்சியமும்

மதுரையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் மேலூரையும் கொட்டாம்பட்டியையும் கடந்தால் துவரங்குறிச்சி வருகிறது. அது கவிஞர் சல்மாவின் ஊர். அவருடைய 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வெளிவந்த பின்னர், மேலூரில் அந்நாவல் குறித்துப் பலர் சொன்ன கருத்துகளைக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. "நம் பெண்களை இழிவுபடுத்தும் நூல்" என்றார் ஜவுளி வணிகர் ஒருவர். "உள்ளதை உள்ளபடி எழுதிய துணிச்சலான நூல்" என்றார் கல்லூரி மாணவர் ஒருவர். இருவரையும் சற்று விசாரித்தபோது, முன்னவர் உறவினர் சொல்லக் கேட்டவர் என்பதும், பின்னவர் பத்திரிகைச் செய்தியை மட்டும் படித்தவர் என்பதும் தெரியவந்தன. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மட்டும் நாவலை இருமுறை படித்திருந்தார். "முதல் தடவை படிக்கும்போது எழுதியவர் மேல் கோபம் வந்தது. இரண்டாம் தடவை ராபியா என்ற அந்தச் சிறுமியின் பின்னாலேயே போனேன். வயது ஏற ஏற அவளுக்கு ஒவ்வொரு கதவாகச் சாத்தப்படுகிறது. கோபம் வேறிடத்துக்குப் போய்விட்டது" என்றார் அவர்.

மூவரும் கூறியவை கருத்துகளே. எனினும் அவற்றுள் ஒன்று மட்டுமே சாட்சியம் எனும் தகுதியைப் பெறுகிறது. கண்டதைச் சொல்பவரே சாட்சி என்பது நம் சட்ட மரபு நன்கறிந்த நெறி. ஒரு செய்தியை ஏற்குமுன், அதை யார் யாரிடம் கேட்டார், அவர் நம்பத் தகுந்தவரா என்று வரிசையாக ஆராயும் கலையை வளர்த்தெடுத்தவர்கள் ஹதீஸ் கலை அறிஞர்கள். அத்தகைய மரபின் வாரிசுகள், ஒரு நாவலைப் பற்றிய தீர்ப்பை மட்டும் எவ்வித விசாரணையுமின்றி வாய்க்கு வாய் கடத்துவது வியப்புக்குரியது, வருத்தத்திற்கும் உரியது.

நம் வாசகர்களுக்கு நாவலை மதிப்பிடத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களை வாங்கிப் படித்தவர்களிடம் பேசிப் பார்த்தால் இது விளங்கும். ராஜேஷ்குமார் போன்றோரின் குற்றப் புதினங்களைப் பற்றி அவர்கள் கூறும் கருத்துகள் கூர்மையானவை. "கொலையாளி யாரென்று மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டது" என்பார் ஒருவர். "முக்கியமான தடயத்தை நம்மிடம் மறைத்துவிட்டுக் கடைசியில் காட்டுகிறார், இது நியாயமில்லை" என்பார் இன்னொருவர். இத்தீர்ப்புகள் முற்றிலும் நூலுக்குள்ளிருந்தே எழுகின்றன. நாவலாசிரியரின் குலம், கோத்திரம், கொள்கை எதையும் அவை தேடிச் செல்வதில்லை. இலக்கியம் என்று நாம் மதிக்காத ஒரு வகைக்கு முழு நீதியையும் வழங்குகிறோம். மதிக்க வேண்டிய வகைக்கு அதை மறுத்துவிடுகிறோம்.

இதற்குக் காரணம், பல்வகை நாவல்களையும் நாம் ஒரே படியால் அளப்பதுதான். 'சமுதாயத்தை நல்லவிதமாகக் காட்டுகிறதா?' என்பதே அந்தப் படி. ஆனால் தமிழ் முஸ்லிம்களின் புனைகதை மரபு தொடக்கம் முதலே ஒரே வகையினதாக இருந்ததில்லை. கண்டியைச் சேர்ந்த சித்தி லெவ்வை 1885இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' தமிழின் முதல் நாவல்களுள் ஒன்று. எகிப்தில் தொடங்கும் வீரசாகசக் கதை அது. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் 'காதலா கடமையா' எழுதினார். என். பி. அப்துல் ஜப்பாரின் 'ஷஜருத்துர்' எகிப்திய அரசியைப் பற்றிய சரித்திர நாவல். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நடப்பியல் நாவல். இவை ஒவ்வொன்றும் வாசகரிடம் வெவ்வேறு வகையான நியாயத்தைக் கோருகின்றன.

சரித்திர நாவலை எடுத்துக்கொள்வோம். ஷஜருத்துர் அடிமையாக இருந்து அரசியானவர். பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியின் சிலுவைப் படை 1249இல் எகிப்தில் இறங்கியிருந்தபோது கணவர் சுல்தான் ஸாலிஹ் இறந்தார். அச்செய்தியை மறைத்து வைத்துப் போரை நடத்தச் செய்த ஷஜருத்துர், 1250இல் சில மாதங்கள் ஆட்சியும் புரிந்தார். இக்கதையைப் படிப்பவர் பெருமிதம் கொள்வதோடு நின்றுவிட்டால் பாதியே படித்தவராவார். வரலாறு எந்த இடத்தில் நிற்கிறது, கற்பனை எந்த இடத்தில் தொடங்குகிறது, அக்காலத்து மனிதர் அக்காலத்து மனத்தோடு நடமாடுகிறார்களா என்பவையே இங்கு கேட்கத்தக்க வினாக்கள். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' 2008இல் வந்தபோது, மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களின் காவல் மரபைத் தம் முன்னோர் வாய்மொழியாக அறிந்த மேலூர் வாசகர்கள் சிலர், 'எங்கள் பாட்டனார் சொன்னது வேறு' என்று நூலோடு வழக்காடினார்கள். அந்த வழக்கு பயனுள்ளது. ஏனெனில் அது படித்தவர்களின் வழக்கு.

நடப்பியல் நாவலின் நிலை வேறு. மீரானின் நாவல் 1988இல் நூலாகுமுன் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்தது. அதாவது அதன் முதல் வாசகர்கள் நம்மவர்களே. வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் ஆணவத்தையும், மக்களின் அறியாமையில் பிழைக்கும் தங்ஙளையும் கண்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. முதலாளியை எதிர்த்து நிற்கும் சுறாப்பீலி வியாபாரி மகமூதும் அந்நாவலில்தான் இருக்கிறார்; அவரை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை. நோயைச் சொன்ன பக்கங்களை நினைவில் வைத்து, எதிர்ப்பைச் சொன்ன பக்கங்களை மறந்துவிடுவது அரைகுறைச் சாட்சியம். தமிழகத்தில் வேறு சமூகத்தினரும் இதற்கு விலக்கல்லர். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. 2014ஆம் ஆண்டின் இறுதியில் அதன் சில பக்கங்கள் மட்டும் தனியே பரப்பப்பட்டுப் பெரும் கிளர்ச்சி மூண்டது. எழுதுவதையே நிறுத்திக்கொள்வதாக 2015 சனவரியில் அவர் அறிவிக்க நேர்ந்தது. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்த பிறகே அவர் மீண்டும் எழுத வந்தார்.

வாசகரின் அச்சத்தில் நியாயமே இல்லை என்று நான் கூறவரவில்லை. திரைப்படங்களிலும் மலிவுப் புனைகதைகளிலும் வெடிகுண்டோடு வரும் பாத்திரங்களுக்கு முஸ்லிம் பெயர் சூட்டப்படுவதைக் கண்டு கண்டு புண்பட்ட மனம், தன் வீட்டுப் பிள்ளை எழுதிய நாவலையும் ஐயத்தோடு திறப்பது இயல்பே. ஆனால் வெளியிலிருந்து எறியப்படும் கல்லும், வீட்டுக்குள் ஒருவர் விடும் கண்ணீரும் ஒன்றல்ல. அவற்றை வேறுபடுத்தி அறியப் படிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. படித்த பின்னர் எழும் கண்டனம் வரவேற்கத்தக்கது. சல்மாவின் நாவலில் ஆண்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் வந்துவிட்டார்கள் என்றும், மார்க்கக் கல்வியில் நிறைவு காணும் பெண்ணுக்கு அதில் போதிய இடமில்லை என்றும் அந்த ஆசிரியை என்னிடம் குறைப்பட்டார். இதற்கு எந்த எழுத்தாளரும் செவிசாய்த்தே ஆகவேண்டும்.

கண்டனத்தைவிடக் கொடியது மௌனம். மேலூருக்கு அண்மையிலுள்ள சிங்கம்புணரியில் பிறந்து, மதுரையில் நாளிதழ்ப் பணியில் வாழ்ந்தவர் ப. சிங்காரம். இரண்டாம் உலகப் போர்க்காலத் தென்கிழக்காசியாவைக் களமாகக் கொண்ட 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தது. இன்று தமிழின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்றாக வைத்துப் பேசப்படும் அந்நூலைப் பற்றி அன்று பேசியவர்கள் மிகச் சிலர். இரு நாவல்களோடு அவர் நிறுத்திக்கொண்டார், 1997இல் மறைந்தார். மதுரையின் முஸ்லிம் வாழ்வை 'ஏழரைப் பங்காளி வகையறா'வில் எழுதிய எஸ். அர்ஷியா, அழகர்கோவில் பக்கத்து நிலங்கள் மனைகளாவதை 'பொய்கைக்கரைப்பட்டி'யில் எழுதினார். மேலூர்ப் பக்கத்து விவசாயி எவரும் தம் கதையென உணரக்கூடிய நாவல் அது. 2018இல் அவரும் மறைந்துவிட்டார். மேலூரில் நான் கேட்டவர்களுள் அந்நாவலைப் படித்தவர் ஒருவரும் இல்லை. அதில் முஸ்லிம்களைப் பற்றி என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்டவர்களே மிகுதி. ஒரே படியால் அளப்பதன் விளைவு இதுவே: வயலைப் பற்றிய நாவல் அந்தப் படிக்குள் அடங்காமல் வெளியே சிந்திவிடுகிறது.

நம் ஊர்களில் பள்ளிவாசலை ஒட்டிய நூலகங்கள் சில இன்னும் இயங்குகின்றன. அவற்றின் அலமாரிகளில் நாவலுக்கென ஒரு தட்டை ஒதுக்கி, சாகசமும் சரித்திரமும் துப்பறிதலும் நடப்பியலும் அதில் அருகருகே இருக்கச் செய்தல் பெரிய செலவன்று. எடுத்துச் செல்பவர் திருப்பித் தரும்போது, தாம் கண்டதை நாலு வரி எழுதி வைக்கட்டும். புகழ்ச்சியாக இருந்தாலும் கண்டனமாக இருந்தாலும் அது படித்தவரின் சொல்லாக இருக்கும். படிக்காதவர் தம் தீர்ப்பைச் சற்றே தள்ளி வைக்கலாம். நூல் அவருக்காகக் காத்திருக்கும்.