கணக்குத் தெரிந்த கை

இஸ்தான்புல்லில், ஆயா சோஃபியா தொகுப்பின் 2762ஆம் எண்ணில் ஓர் அரபுக் கையெழுத்துப் பிரதி இருக்கிறது. பெர்கா நகரத்து அப்பொல்லோனியஸ் கி.மு. 200ஐ ஒட்டி கிரேக்கத்தில் எட்டு நூல்களாக எழுதிய 'கூம்பு வெட்டுகள்' என்ற படைப்பின் அரபு வடிவம் அது. ஹிஜ்ரி 415இல், அதாவது கி.பி. 1024இல், அதைப் படியெடுத்தவர் இப்னுல் ஹைதம். ஒளியியலில் பெரும்பெயர் பெற்ற அதே மேதை. கெய்ரோவில் வாழ்ந்தபோது யூக்ளிடையும் தாலமியையும் ஆண்டுதோறும் படியெடுத்து விற்றே அவர் காலம் தள்ளினார் என்கிறது இப்னுல் கிஃப்தியின் வரலாற்று நூல்.

வடிவியல் நூலைப் படியெடுப்பது எவ்வளவு அபாயமான வேலை என்று தெரிந்தால்தான் இந்தப் பிரதியின் அருமை புரியும். படத்தின் புள்ளிகளுக்கு கிரேக்கர் ஆல்பா, பீட்டா, காமா என்று பெயரிட, அரபியர் அலிஃப், பா, ஜீம் என்று அதே வரிசையில் மாற்றிக்கொண்டார்கள். கிரேக்கத்தில் ஏழாவதாக வரும் ஈட்டாவுக்கு அரபியில் ஹா. இந்த ஜீமுக்கும் ஹாவுக்கும் வடிவம் ஒன்றுதான். வயிற்றில் ஒரு புள்ளி இருந்தால் ஜீம், இல்லாவிட்டால் ஹா. எழுதுபவரின் கை ஒரு புள்ளியை விட்டால் கோடு வேறொரு முனைக்குப் போய்விடும், நிரூபணம் அங்கேயே அறுந்துவிடும். குறியீடுகளே இல்லாமல் எல்லாம் உரைநடையாக ஓடும் பக்கத்தில் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க ஒரே வழி, தேற்றத்தை நாமே நிரூபித்துப் பார்ப்பதுதான். இப்னுல் ஹைதமுக்கு அது இயல்பாகவே நடந்திருக்கும். நல்ல எழுத்தழகு கொண்ட பிரதிகள் எத்தனையோ உண்டு. பொருள் முழுவதும் விளங்கிய ஒருவர் வரிவரியாக எழுதிய பிரதிக்கு முன் அவற்றை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

இந்தப் படைப்பின் அரபு மொழிபெயர்ப்பும் பொருளை விளங்கிக்கொள்ளும் இதே குணத்தில் பிறந்ததுதான். 9ஆம் நூற்றாண்டு பாக்தாதில் பனூ மூசா சகோதரர்கள் மூவர் கையில் கிடைத்த கிரேக்கப் பிரதி பிழை மலிந்து புரியாமல் கிடந்தது. அவர்களில் ஹசன், உருளையை வெட்டினால் கிடைக்கும் நீள்வட்டத்தைத் தானே ஆராய்ந்து ஒரு வழி திறந்தார். அவர் இறந்தபின் அஹமது சிரியாவுக்குப் போன இடத்தில் முதல் நான்கு நூல்களுக்கு யூட்டோசியஸ் என்ற கிரேக்க உரையாசிரியர் செய்த பதிப்பு அகப்பட்டது. அதைக் கொண்டு தேறிய பிறகே மற்றவற்றுக்குள் நுழைய முடிந்தது. முதல் நான்கை ஹிலால் அல்-ஹிம்சியும், ஐந்து முதல் ஏழு வரை ஸாபித் இப்னு குர்ராவும் அரபியாக்கினார்கள். அந்த மூன்றும் கிரேக்கத்தில் இன்று இல்லை. அரபியில் மட்டுமே பிழைத்தன.

பிழைத்தவற்றில் ஐந்தாம் நூலைச் சொல்லாமல் இருக்க முடியாது. பரவளையத்தின் அச்சில், முனையிலிருந்து சற்றுத் தள்ளி உள்ளே ஒரு புள்ளி. அதிலிருந்து வளைவுக்கு மிகக் குறுகிய கோடு எது? பிளஸ் டூவில் படித்த செவ்வகலத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். புள்ளியிலிருந்து அச்சின் வழியே முனையை நோக்கி அரைச் செவ்வகலம் வந்து, அங்கே ஒரு செங்குத்து எழுப்பினால், அது வளைவைத் தொடும் இடம்தான் விடை. புள்ளி எங்கே நகர்ந்தாலும் இந்த அரைச் செவ்வகலம் மாறாது. முனையிலிருந்து அரைச் செவ்வகலத்துக்குள்ளேயே புள்ளி இருந்தால் முனையே விடை. நுண்கணிதமோ ஆயத்தொலைவோ இல்லாமல், பரப்புகளை ஒப்பிட்டே இதை நிறுவுகிறார் அப்பொல்லோனியஸ். இந்த இடத்தை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

எட்டாம் நூல் எந்த மொழியிலும் கிடைக்கவில்லை. 1710இல் ஆக்ஸ்ஃபோர்டில் எட்மண்ட் ஹாலி அரபியிலிருந்து மூன்று நூல்களையும் லத்தீனில் தந்தபோது, கிரேக்கக் கணிதர் பாப்பஸ் விட்டுச்சென்ற துணைத்தேற்றங்களைப் பிடித்துக்கொண்டு எட்டாவதை மீட்டுருவாக்கினார். அதற்கு ஏறத்தாழ ஏழு நூற்றாண்டு முன்பே அதே வேலையில் இறங்கியவர் இப்னுல் ஹைதம். ஏழு நூல்களில் இருந்தாக வேண்டியும் காணாமல் இருப்பவை எவை என்று தேடி, எட்டாவதில் அவைதாம் இருந்திருக்கும் என்று ஊகித்து, ஒவ்வொன்றாகத் தீர்வு எழுதினார். அவருடைய அந்த நூலும் அரபியில் இன்று நம்மிடம் இருக்கிறது.