வாணியனுக்குக் கொடுத்தது தோலில் தங்குகிறதா?

ஆனி பிறந்துவிட்டால் கடையநல்லூர் வட்டாரத்தில் காற்றின் ராஜ்யம்தான். தென்மேற்குக் காற்று தன் மழையில் பெரும்பங்கைக் கேரளச் சரிவிலேயே இறக்கிவைத்துவிட்டு, ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் செங்கோட்டைப் பக்கம் நுழைகிறது. குற்றாலத்தில் சாரலாகத் தெளிக்கும் அதே காற்று, சமவெளிக்கு இறங்க இறங்கச் சூடேறி, உலர்ந்து, சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. சீசனுக்கு வந்தவர்கள் அருவியில் நனைந்துவிட்டுப் போகிறார்கள். ஊர்க்காரர்களுக்கோ கெண்டைக்கால் சாம்பல் பூத்து, நகம் பட்டால் வெள்ளைக்கோடு விழுகிறது. உதடு வெடிக்கிறது, குதிகாலில் பித்தவெடிப்பு ஆழமாகிறது.

இதற்கு வீடுகளில் கிடைக்கும் முதல் பதில் எண்ணெய்க் குளியல்தான். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்ற பழமொழியும் துணைக்கு வந்துவிடும். வாரம் ஒருமுறை நல்லெண்ணெயை உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்து, ஊறவைத்து, வெந்நீரும் சீயக்காயும் கொண்டு பிசுக்குப் போகக் குளிப்பது முறை. உடல்சூடு தணிக்க, நல்ல தூக்கத்துக்கு என்று இதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். அவை இங்கே என் கேள்வியல்ல. வறண்ட தோலுக்கு இந்த முறை எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதை மட்டும் எடைபோட்டுப் பார்க்கலாம்.

அளவுகோலைத் தோலிடமே கேட்க வேண்டும். தோலின் மேலடுக்கைத் தோல் மருத்துவர்கள் ஒரு சுவராக விளக்குவார்கள். உயிரற்ற செல்கள் செங்கல். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த கலவை சாந்து. சாந்து கரைந்த சுவரில் உள்ளிருக்கும் ஈரம் கசிந்து ஆவியாகிவிடும். ஆகவே வறட்சிக்கான பராமரிப்பு எதுவானாலும் மூன்று வேலைகளைச் செய்தாக வேண்டும்: இருக்கிற சாந்தைக் கரைக்காமல் இருப்பது, ஈரத்தைப் பிடித்துவைப்பது, அது பறந்துவிடாமல் மேலே மூடி போடுவது.

முதல் வேலையில் எண்ணெய்க் குளியலுக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். குளிக்குமுன் தேய்த்த எண்ணெய் சோப்புக்கும் தோலுக்கும் நடுவே நிற்கிறது. சோப்பின் அரிப்பை அது ஓரளவு தானே வாங்கிக்கொள்கிறது. செலவும் குறைவு. இன்னொரு பலனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வாரம் ஒருமுறை தன் உடம்பைத் தானே தடவிப் பார்ப்பவருக்கு எங்கே வெடித்திருக்கிறது, எங்கே தடித்திருக்கிறது, எங்கே உணர்வு குறைந்திருக்கிறது என்று சீக்கிரமே தெரிந்துவிடும். உணர்வில்லாத, நிறம் வெளுத்த படையைத் தொடக்கத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிட்டால் தொழுநோயின் ஊனத்தைத் தவிர்த்துவிடலாம். எந்தப் புட்டியிலும் கிடைக்காத பயன் இது.

கோளாறு எண்ணெய்க்குப் பிறகு நடப்பதில் இருக்கிறது. ஆவி பறக்கும் வெந்நீர் சாந்தை இளக்குகிறது. பிசுக்குப் போகவேண்டும் என்று கடலைமாவும் பீர்க்கங்கூடும் கொண்டு தேய்ப்பதில், எண்ணெயோடு தோலின் சொந்தக் கொழுப்பும் போய்விடுகிறது. சோப்பும் சேர்ந்தால் இன்னும் மோசம். தோல் இயல்பாகச் சற்று அமிலத்தன்மை கொண்டது, பி.எச். 5ஐ ஒட்டியது. வழக்கமான சோப்போ 9, 10 என்று காரத்தன்மையில் நிற்கிறது. ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரில் அந்தச் சோப்பு நுரைக்காமல் கால்சியத்தோடு சேர்ந்து திரிந்து, தோலிலேயே படிந்துவிடுகிறது. கடைசியில் “பிசுக்கே இல்லாமக் குளிச்சாச்சு” என்று பெருமைப்படுகிறோம். எதைத் தோலில் நிறுத்தவேண்டுமோ அது சாக்கடையில் போய்க்கொண்டிருக்கும்.

ஆய்வுகளும் இதே பக்கம்தான் கைகாட்டுகின்றன. 2004இல் பிலிப்பைன்ஸில் தோல் வறண்ட 34 பேரை வைத்து ஒரு சோதனை வெளியானது. சுத்தத் தேங்காயெண்ணெயையும் மினரல் ஆயிலையும் தினம் இருவேளை, இரண்டு வாரம் காலில் பூசிப் பார்த்தார்கள். இரண்டுமே சமமாகப் பலன் தந்தன. பூசியதைக் கழுவாமல் விட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 2018இல் பிரிட்டனில் தோலழற்சி உள்ள 482 குழந்தைகளிடம் நடந்த சோதனை வேறொன்றைக் காட்டியது. குளிக்கும் தண்ணீரில் எண்ணெய்ப் பொருள்களைக் கலப்பதால், ஏற்கெனவே களிம்பு பூசிவரும் குழந்தைகளுக்குக் கூடுதல் நன்மை எதுவும் கிடைக்கவில்லை. அது நம் எண்ணெய்க் குளியலேதான் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தண்ணீரோடு போகிற எண்ணெயைவிடத் தோலில் நிற்கிற எண்ணெய்தான் வேலை செய்கிறது என்று புரியும்.

எல்லா எண்ணெயும் ஒன்றுமல்ல. வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் ஜைத்தூன் (ஆலிவ்) எண்ணெய் டின் வைத்துக் கொண்டுவருவது இந்த ஊரில் வழக்கம். பிறந்த பிள்ளைக்கும் அதைத் தேய்ப்பதுண்டு. பிரிட்டனில் 2013இல் வெளியான ஓர் ஆய்வு, பெரியவர்களின் முன்கையில் ஆலிவ் எண்ணெய் பூசிப் பார்த்து, அது தோலின் தடுப்புச் சுவரைப் பலவீனமாக்குவதைக் கண்டது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. ஆலிவில் மிகுதியாக உள்ள ஒலியிக் அமிலம் சாந்தைக் குலைக்கிறது என்பது விளக்கம். சமையலுக்கு நல்லது என்பதாலேயே தோலுக்கும் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பது ஒருவகையில் வீட்டுக் குளியலைவிடத் தோலுக்கு இதமானது. தண்ணீர் குளிர்ந்தது, சோப்பில்லாமலே அருவியின் வேகம் எண்ணெயை அடித்துப்போகும். ஆனால் அடித்துப்போன எண்ணெய் சிற்றாற்றில்தான் சேரும், அங்கிருந்து வயலுக்கும் தாமிரபரணிக்கும் போகும். அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூவுக்குத் தடை வந்ததை இதனால் குறைசொல்ல முடியாது. ஒருவர் தோல் மினுங்க ஓர் ஆறு பிசுபிசுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் மருந்துக்கடை அலமாரிக்குப் போய்விடலாமா? அங்கும் எச்சரிக்கை வேண்டும். எண்ணெயால் முடியாத ஒன்றைக் கிளிசரினும் யூரியாவும் செய்யும்: ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். இரண்டாம் வேலையில் எண்ணெய் தோற்கிற இடம் இது. மூடி போடுவதில் வாசலினை வெல்ல அதிகப் பொருள்கள் இல்லை, விலையும் குறைவு. ஆனால் வாசனை மிகுந்த லோஷன், சிவப்பழகு வாக்குறுதி, காலையில் ஏழு, மாலையில் ஏழு என்று அடுக்கும் புட்டிகள் எல்லாம் வறண்ட தோலுக்குச் சுமை. அரிப்புக்கு என்று கேட்டு வாங்கும் டியூபில் ஸ்டீராய்டு இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. 2018இல் மத்திய அரசு பூசும் ஸ்டீராய்டுகள் 14ஐ மருத்துவர் சீட்டு தேவைப்படும் பட்டியலுக்குள் கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு.

பராமரிப்பு புட்டியைப் பொறுத்ததல்ல, வாழ்க்கையைப் பொறுத்தது என்பதைக் கடையநல்லூரைவிட நன்றாகச் சொல்லும் ஊர் அரிது. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கம் தொடங்கியது 1941இல். இவ்வூரார் கடல் தாண்டுவது அவ்வளவு பழைய கதை. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் ஒரு தோலுக்குக் கொஞ்சம் லோஷன் போதும். அதே தோல் துபாயில் ஏ.சி. அறையில் கெட்டியான கிரீம் கேட்கும். ஊருக்கு ஆடிக் காற்றில் வந்து இறங்கினால் கணக்கு மறுபடி மாறும். ஐவேளைத் தொழுகைக்காக ஒளு செய்பவருக்கு முகமும் கையும் காலும் நாளெல்லாம் நனைந்து உலர்கின்றன. பீடி சுற்றும் பெண்ணின் விரல்நுனியை இலையும் தூளும் உலர்த்துகின்றன. நாளெல்லாம் நடக்கும் இழப்பை வாரத்துக்கு ஒருநாள் எப்படி ஈடுகட்டும்?

ஆகவே நான் முன்வைக்கும் நாள்முறை சிறியது. வெதுவெதுப்பான அல்லது பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடத்துக்குள் குளியல். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதத்துக்கு மட்டும். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெயோ கிளிசரின் உள்ள கிரீமோ. ஒளுவுக்கும் பாத்திரம் கழுவியதற்கும் பிறகு கையில் ஒரு பூச்சு. இரவு இஷா தொழுகைக்குப் பின், படுக்கப்போகும் முன், வெடித்த குதிகாலில் வாசலின், மேலே பருத்திக் காலுறை. எண்ணெய்க் குளியல் பிடித்தவர்கள் அதை விடவேண்டாம். சீயக்காயைத் தலையோடு நிறுத்தி, குளித்த பிறகும் ஒரு கை எண்ணெய் பூசிக்கொண்டால் போதும். இரண்டு மூன்று வாரத்தில் வறட்சி மாறவில்லை, அரிப்பு தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் சர்க்கரையையும் தைராய்டையும் பார்த்துவிடுவது நல்லது.

இதில் புதிது எதுவும் இல்லை. குளித்துவிட்டு வந்து, ஈரக்காலோடு திண்ணையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் ஊற்றி முழங்காலிலிருந்து கீழே வழித்துவிட்டு, அதன்பிறகே பீடித்தட்டை மடியில் எடுத்துவைக்கும் பெண்கள் இங்கே எப்போதும் உண்டு. அதற்கு நாளும் கிழமையும் இல்லை, பழமொழியும் இல்லை. “சும்மா கால் பளபளன்னு இருக்கட்டும்னு” என்றுதான் சொல்வார்கள். வாணியனுக்குக் கொடுத்த காசு முழுசாகத் தோலில் தங்கிய இடம் அந்தத் திண்ணைதான்.