விடலை: தென் திருவிதாங்கூர் நாவல்களில் வளர்ந்தவர்கள்

திருவனந்தபுரத்துப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு முக்கியமான நேர்ச்சை தேங்காய் உடைப்பது. விடிந்ததும் கிழக்கேகோட்டை பஸ் இரைச்சலையும் மீறி அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். வழக்கு, வேலை, கல்யாணம், வீட்டுப் பத்திரம் என்று ஆளுக்கொரு காரியம் இருக்கும். மார்ச் மாதம் வந்துவிட்டால் பரீட்சைப் பிள்ளைகளின் முறை. அப்படி ஒரு காலையில் ஓர் ஆச்சி பேரனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பையனுக்கு மீசை அரும்பும் வயசு. நாலுபேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் காயை மெதுவாகப் போட்டான். அது உடையாமல் உருண்டு அவன் காலடிக்கே திரும்பி வந்தது. "ஓங்கிப் போடு மக்ளே, விடலையில்லா!" என்றாள் ஆச்சி. அடுத்த முறை சிதறியது. ஒரு சில்லு என் செருப்பை வந்து தொட்டது.

ஆச்சி காயைச் சொன்னாளா, பையனைச் சொன்னாளா என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். மற்ற ஊர்களில் சிதறுகாய், சூறைத்தேங்காய் என்பதை நாஞ்சில்நாட்டிலும் அதன் அக்கம்பக்கத்திலும் 'விடலை' என்பார்கள். விடலை போடுவது என்றால் ஓங்கி அடித்துச் சிதறடிப்பது. அதே சொல் மீசை அரும்பும் பருவத்துக்கும் பெயர். பாட்டியல் நூல்கள் ஆண்மகனின் பருவங்களைப் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை என்று அடுக்கி, முப்பது வயதுவரை உள்ளவனை விடலை என்கின்றன. சங்க அகப்பாட்டில் பாலை வழியே காதலியை உடன்போக்கில் அழைத்துச் செல்லும் இளைஞனும் விடலைதான். நிகண்டுகளில் அது வீரனுக்கும் பெயர். இளைஞன், வீரன், உடைபடும் காய் மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில், வளர்ந்து ஆளாகும் கதையின் நாயகன் எப்படி இருக்கிறான்? பழவங்காடியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வாழ்ந்து எழுதியவர்களையும், அவர்களுடைய அக்கம்பக்கத்துக்காரர்களையும் இந்தக் கேள்வியோடு மறுபடி படித்தேன். இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்தது.

ஐரோப்பாவில் இந்த வகை நாவலுக்கு முன்மாதிரியாகக் காட்டப்படுவது கதே 1795-96இல் வெளியிட்ட 'வில்ஹெல்ம் மைஸ்டரின் பயிற்சிக் காலம்'. வியாபாரி வீட்டுப் பையன் வீட்டை விட்டுக் கிளம்புகிறான், நாடகக்காரர்களோடு அலைகிறான், ஏமாறுகிறான், கடைசியில் உலகத்தில் தனக்கென்று ஓர் இடத்தைக் கண்டுகொள்கிறான். டிக்கன்ஸின் டேவிட் காப்பர்ஃபீல்டும் ஏறக்குறைய இதே வழியில் போனவன்தான். நம் பாலைத்திணை விடலையும் வீட்டு வாசலைத் தாண்டியவன். வெளியேறுவதுதான் வளர்ச்சி, வெளியே தாக்குப்பிடிப்பதுதான் வீரம் என்பது பல இலக்கியங்களில் பழகிய கணக்கு. தென் திருவிதாங்கூர்த் தமிழ் நாவல்களில் இந்தக் கணக்கு செல்லுபடியாவதில்லை. இங்கே சோதனை நடக்கிற இடம் காடோ பட்டணமோ இல்லை, வீட்டுத் திண்ணையும் அடுக்களையும். இங்கே வீரம் என்பது வீட்டுக்குள் இருந்தபடியே பெரியவர்களின் முகத்துக்கு நேரே 'இது சரியில்லை' என்று சொல்வது. சொன்ன பிறகும் அதே வீட்டில் சோறு தின்று, அதே தெருவில் நடந்து, வருகிற ஏச்சையெல்லாம் வாங்கிக்கொள்வது. கிளம்பிப் போகிறவனுக்கு இந்த இரண்டாவது பாதி கிடையாது.

நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968) இதற்கு முழுமையான சாட்சி. ஆசிரியர் 1938இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். கேரள மின்வாரியத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர். நாவலின் களம் இரணியல். பழவங்காடிப் பிள்ளையாரும் அந்தப் பக்கத்துக்காரர்தான். இரணியலுக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரத்திலிருந்து திருவிதாங்கூர் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு இடம்பெயர்ந்தபோது படைவீரர்கள் தங்களோடு கொண்டுவந்த மூர்த்தி என்று கோவில் மரபு சொல்கிறது. இன்றும் அந்தக் கோவிலை நடத்துவது இந்திய ராணுவம். ஆக, நாவலின் நாயகன் திரவியும் பிள்ளையாரும் ஒரே ஊர்ப்பக்கம்.

திரவி ஏழூர்ச் செட்டிமார் வீட்டுப் பையன். நாவலின் முதல் பகுதியில் அவன் ஒன்றுமே செய்வதில்லை. உண்ணாமலை ஆச்சி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து தங்கள் கூட்டம் புறப்பட்டு வந்த கதை, சடங்குகள், சீர்வரிசை, யார் யாருக்கு என்ன முறை, எந்தக் கல்யாணத்தில் எவர் கோபித்துக்கொண்டு போனார் என்று எல்லாம் இரணியல் செட்டிமார் பேச்சிலேயே அவன் காதில் விழுகிறது. பொறுமையில்லாத வாசகன் இந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடிவைப்பான். மூடிவைத்தால் நாவலே கையை விட்டுப் போய்விடும். பின்னால் திரவி எதை எதிர்த்து நிற்கப்போகிறானோ, அதன் ருசியை முதலில் அவன் நாக்கில் தடவிவிடுகிறார் ஆசிரியர். ஆச்சியின் உலகம் அவனுக்கு அத்தனை இனிப்பு. அந்த இனிப்புதான் அக்கா நாகுவின் கழுத்தை நெரிக்கிறது.

நாகுவைக் கட்டிய செவந்தபெருமாள், தாம்பத்தியத்துக்குத் தகுதியில்லாதவள் என்று பழி சொல்லி அவளைப் பிறந்தவீட்டுக்கு அனுப்பிவிடுகிறான். வீடு அழுகிறது, ஊர் கிசுகிசுக்கிறது, பெரியவர்கள் தலைவிதி என்கிறார்கள். அப்பாவுக்குக் கடன். திரவி அப்போதுதான் படித்து மேலே வருகிறான். அக்காவுக்கு மறுகல்யாணம் செய்துவைக்க வேண்டும் என்கிற எண்ணம் அவனுக்குள் முளைத்து உறுதிப்படுவதைத்தான் நாவலின் பின்பாதி சொல்கிறது. இந்த எண்ணம் அவனுக்கு ஒரு புத்தகத்திலிருந்தோ மேடைப் பேச்சிலிருந்தோ வரவில்லை. தினமும் அடுக்களை மூலையில் அக்காவைப் பார்த்துப் பார்த்து வருகிறது. அவன் ஆச்சியை வெறுத்துவிடவில்லை; சாதியைத் தூக்கி எறிந்துவிட்டு ஊரை விட்டு ஓடவும் இல்லை. தன்னை வளர்த்தவர்கள் முன்னால், தன்னை வளர்த்த மொழியிலேயே வாதாடுகிறான். திரவியின் பெருமை அதுதான். 2010இல் இந்த நாவலை வ. கௌதமன் 'மகிழ்ச்சி' என்ற படமாக எடுத்தார். படத்துக்கு ஒரு நாயகன் வேண்டும், தவறில்லை. ஆனால் எழுத்தில் உள்ள திரவிக்கு நாயகன் என்ற நினைப்பே கிடையாது. பேச்சு தொண்டையில் சிக்கிக்கொள்ளும் பையன் அவன்.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தலைமுறைகளுக்கு நாலு வருஷம் முன்பே, 1964இல், 'புத்தம் வீடு' வந்துவிட்டது. எழுதிய ஹெப்சிபா ஜேசுதாசன் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். பெயர்தான் புத்தம் வீடு. கதை தொடங்கும்போதே அது இடிந்துகொண்டிருக்கும் பழைய வீடு. கண்ணப்பச்சி என்ற கிழவர், குடியில் போன மகன், பேத்தி லிஸி. வயதுக்கு வந்ததும் லிஸியின் பள்ளிக்கூடம் நின்றுபோகிறது. பனைவிளையின் வெளியை ஓடித் திரிந்து அறிந்த பெண் அதற்குப் பிறகு அதைச் சன்னல் வழியாகத்தான் பார்க்கிறாள். பையனின் வளர்ச்சிக் கதையில் கதவு திறக்கும். இவள் கதையில் மூடுகிறது. ஆகவே மூடிய கதவுக்குள் வளர்வது எப்படி என்ற கேள்வியைத் தமிழில் இவ்வளவு நிதானமாகக் கேட்ட முதல் நாவல்களில் இதுவும் ஒன்று.

அவள் மனம் பனையேறி வீட்டுத் தங்கராஜின் மேல் போகிறது. மதம் ஒன்று, ஆனால் விளையை வைத்திருப்பவன் வேறு, விளையில் ஏறுபவன் வேறு. அந்த இடைவெளியின் அகலம் தெரிய அந்தப் பக்கத்தில் கொஞ்சநாள் இருந்திருக்க வேண்டும். உடன்போக்குக்கு இதைவிடப் பொருத்தமான சந்தர்ப்பம் கிடையாது. லிஸி ஓடவில்லை. சண்டையும் போடவில்லை. வேறு மாப்பிள்ளைக்குச் சம்மதிக்காமல் இருக்கிறாள், அவ்வளவுதான். வீட்டில் ஒரு கொலை நடந்து, பழி தங்கராஜின் தலையில் விழும்போதும் அவள் அசைவதில்லை. லிஸியைச் 'சாதுவான பெண்', 'செயலற்ற நாயகி' என்று சொல்கிற வாசிப்பு ஒன்று இருக்கிறது. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. வருஷக்கணக்காக ஒரு வீடே உன்னை ஆமென்று சொல்லவைக்கப் பார்க்கும்போது, குரலை உயர்த்தாமல் சொல்லாமலிருப்பது எத்தனை பெரிய செயல் என்பது அப்படி ஒரு வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். திரவிக்காவது படிப்பு இருந்தது, சம்பாதிக்கும் வழி இருந்தது, தெருவில் இறங்கி நடக்கும் உரிமை இருந்தது. லிஸியிடம் இருந்தது ஒரு மறுப்பு மட்டும்.

மலையாளத்துப் பக்கம் திரும்பினால் எம்.டி. வாசுதேவன் நாயரின் 'நாலுகெட்டு' (1958). வள்ளுவநாட்டு அப்புண்ணி தன்னை விரட்டியடித்த தறவாட்டுக்கே உரிமைக்காரனாகத் திரும்புவேன் என்று சபதம் செய்கிறான். வயநாட்டுத் தோட்டத்தில் வேலை பார்த்துக் காசு சேர்த்து வந்து அந்த வீட்டையே வாங்கியும்விடுகிறான். சபதமும் வெற்றியும் உள்ள அசல் நாயகக் கதை. ஆனால் வாங்கிய பிறகு அந்த இருட்டில் குடியிருக்க முடியாது என்று அவனுக்கே தெரிகிறது. இடித்துவிட்டுக் காற்றும் வெளிச்சமும் வரும் சின்ன வீடு கட்ட வேண்டும் என்கிறான். ஜெயித்த அப்புண்ணியை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. இடிக்கச் சொல்லும் அப்புண்ணியைப் பிடிக்கிறது.

வளராமலே போனவர்களையும் திருவனந்தபுரம் எழுதியிருக்கிறது. நீல பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' (1970) அனந்தன் நாயர் ஐம்பது வயதுக்காரர். பத்மநாபசுவாமி கோவிலைச் சுற்றிய தெருக்களில் இரண்டு நாள் அலைந்து, தன்னை விட்டுப் போன மனைவி கார்த்தியாயினியை நினைத்து நினைத்து நோகிறார். வயது கூடியும் அவர் விடலையைத் தாண்டவில்லை. அந்த நாவலில் வளர்ந்தவர்கள் மகனும் மகளும்தான். அம்மாவின் காரியத்தை அவர்களால் அப்பா முன்னால் வாய்விட்டுப் பேச முடிகிறது. நகுலனின் 'நினைவுப்பாதை' (1972) நவீனனை வளர்ச்சிக் கதையின் நாயகனாகக் கொள்ளலாமா என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். கூடாது. அவன் ஞாபகத்தில் சுற்றிக்கொண்டே இருப்பவன்; அது வேறு சாதனை. சாலைக் கடைத்தெருவில் கடை வைத்துக்கொண்டு அந்தத் தெருவையே எழுதிய ஆ. மாதவனின் உலகத்தில் சிறுவர்களுக்குப் பருவம் என்று ஒன்று கிடையாது. சுமடு தூக்கும் தலைக்கு எட்டு வயதிலேயே முப்பது ஆகிவிடுகிறது. வளர்ச்சி நாவல் என்கிற வடிவமே ஓரளவு சோற்றுக் கவலை இல்லாத வீட்டுக்குரியது என்பதை மாதவன் எழுதாமலே காட்டிவிட்டார்.

சுந்தர ராமசாமியின் 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' (1998) 1930களின் கடைசியில் கோட்டயத்தில் நடக்கிறது. பாலுவுக்கு அப்பா எஸ்.ஆர்.எஸ். மேல் பயம். வேறு யாரும் அவனை அடித்து வீழ்த்தவில்லை, அவனும் எதையும் சாதிக்கவில்லை. காலடிச் சத்தத்திலேயே அப்பாவின் மனநிலையைக் கணிக்கத் தெரிந்த பிள்ளை. அத்தனை பயத்துக்குள்ளும் அவன் கண் மூடிக்கொள்வதில்லை. நோயில் கிடக்கும் அம்மாவையும், அக்கா ரமணியையும், வீட்டுக்கு வந்துபோகும் ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டே இருக்கிறான். பயந்தவன் பார்ப்பதை நிறுத்தாமலிருப்பதும் ஒருவகைத் துணிச்சல்தான். இதோடு அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977) சந்திரசேகரனையும் சேர்த்துப் பார்க்கலாம். செகந்தராபாத் கலவரத்தில் அவன் புகுந்த வீட்டில், குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு பெண் தன்னையே அவன் முன் ஒப்புக்கொடுக்க நிற்கிறாள். அவன் வெட்கித் தலைதெறிக்க ஓடுகிறான். அவன் யாரையும் காப்பாற்றவில்லை. ஆனால் அந்த ஓட்டத்தில் அவன் பிள்ளைப் பருவம் முடிந்துவிடுகிறது. நாயகனுக்குரிய குணம் எது என்று கேட்டால் துணிச்சல், தியாகம் என்று எழுதிப் பழகிவிட்டோம். வெட்கத்தையும் அந்த வரிசையில், முன்னாலேயே, சேர்க்க வேண்டும்.

இனி அந்த மனக்குறை. திரவியின் வளர்ச்சிக்கு விலை கொடுப்பவள் நாகு. பழி அவள் உடம்பின் மேல்; பேச்சுவார்த்தை அவளை வைத்து; திருப்பி அனுப்புவதும் மறுபடி கட்டிக்கொடுப்பதும் ஆண்கள் தங்களுக்குள் பேசி முடிப்பவை. அவள் என்ன நினைத்தாள் என்பது நமக்குத் திரவியின் கண் வழியாகவே வருகிறது. 'புத்தம் வீடு' வெளிவந்து நாலு வருஷம் கழித்து எழுதப்பட்ட நாவலில் இது ஒரு குறைதான். நீல பத்மநாபனின் மேல் மதிப்புள்ளவர்கள் இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. பிறகு சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) ராபியாவையும், பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) ஆட்டுக்காரப் பையன்களையும் படித்தவர்கள், யாருடைய பருவம் கதையாகிறது, யாருடையது பின்னணியாகிவிடுகிறது என்ற கேள்வியோடுதான் பழைய நாவல்களுக்குத் திரும்ப முடியும்.

'தலைமுறைகள்' கையில் இருப்பவர்கள் இன்னொரு தடவை அதை எடுங்கள். இந்த முறை திரவியை விட்டுவிட்டு, நாகு வருகிற பக்கங்களை மட்டும் படியுங்கள்.