பொம்மையின் உடலும் காரெனின் குரலும்

பாடகர்களின் வாழ்க்கையைப் படமாக்குவதற்கு ஒரு வாய்பாடு இருக்கிறது: எளிய தொடக்கம், புகழ், போதை, சரிவு, கடைசியில் பெரிய அரங்கில் மீட்சி. பாடல்களின் உரிமை யார் கையிலோ அவர் சம்மதமில்லாமல் இப்படங்கள் நகராது. ஃப்ரெடி மெர்க்குரி பற்றிய 'போஹீமியன் ராப்சடி' (2018) அவர் இசைக்குழுவில் எஞ்சியிருந்தவர்களின் பங்கேற்போடுதான் உருவானது. செத்தவர் கதையைச் சொத்து வைத்திருப்பவர் திருத்திக்கொள்கிறார்.

இந்த வாய்பாட்டுக்கு வெளியே நிற்கிறது டாட் ஹேன்ஸ் 1987இல் எடுத்த 'சூப்பர்ஸ்டார்: காரென் கார்ப்பென்டரின் கதை'. 43 நிமிடப் படம். நடிப்பவை அநேகமாக எல்லாமே பார்பி வகைப் பொம்மைகள்.

அண்ணன் ரிச்சர்டோடு சேர்ந்து 'கார்ப்பென்டர்ஸ்' என்ற பெயரில் 1970களின் அமெரிக்காவைக் கட்டிப்போட்ட குரல் காரெனுடையது. 1983 பிப்ரவரி 4 அன்று, 32 வயதில் இறந்தார். பல வருடங்கள் அனோரெக்ஸியா தின்ற உடம்பு, இதயம் தாங்கவில்லை. இந்நோயைப் 'பசியின்மை' என்று எழுதிவிடுகிறோம். பசி இல்லாமலா? பசிக்கிற உடலையே எதிரியாக்கி ஒடுக்குவதுதான் இது.

அடிப்படையில் அவர் டிரம்ஸ் கலைஞர். வாத்தியத்துக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே பாடியவரை மேடையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். உழைக்கிற உடல், பார்க்கப்படுகிற உடலாக மாற்றப்பட்ட இடம் இது.

பொம்மைகளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது நின்றுபோச்சு. பெண்ணுடல் இப்படித்தான் இருக்க வேண்டுமென்று 1959 முதல் சிறுமிகளிடம் விற்கப்பட்ட வார்ப்பு, அந்த வார்ப்பின் கொடுமையால் செத்த பெண்ணாக நடிக்கிறது. நோய் முற்ற முற்ற ஹேன்ஸ் பொம்மையின் முகத்தையும் கைகளையும் செதுக்கிக் குறைக்கிறார். நடிகை ஒருவர் இளைத்துக் காட்டியிருந்தால் அவர் உழைப்பை மெச்சிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். பிளாஸ்டிக் நம்மை அப்படித் தப்பவிடுவதில்லை.

இடையிடையே நிக்சனும் வியட்நாம் போரும் வந்து போகின்றன. 1973இல் நிக்சனின் வெள்ளை மாளிகையில் கார்ப்பென்டர்ஸ் பாடியிருக்கிறார்கள். குண்டு போடுகிற அரசுக்குச் சமர்த்துப் பிள்ளைகளின் பிம்பம் தேவைப்பட்டது. குடும்பம், இசைக் கம்பெனி, அரசு மூன்றும் ஒரு பெண்ணுடலின் மேல் சந்தித்துக்கொள்வதைப் படம் காட்டுகிறது.

எனக்கு ஒரு முரண்பாடும் உண்டு. தாயையும் அண்ணனையும் படம் கிட்டத்தட்ட வில்லன்களாக்கிவிடுகிறது. குடும்பம் என்கிற அமைப்பைக் கட்டுடைக்கக் கிளம்பிவிட்டு ஒரு தாயின் மேல் விரல் நீட்டுவது சுலபமான வழி. அந்தத் தாயும் அதே அமைப்பு வார்த்த பொம்மைதானே?

பாடல்களுக்கு ஹேன்ஸ் அனுமதி பெற்றிருக்கவில்லை. ரிச்சர்ட் வழக்குத் தொடுக்க, 1990இல் படம் பொதுத் திரையிடலிலிருந்து விலக்கப்பட்டது. காரென் 1979-80இல் தனியாகப் பதிவுசெய்த இசைத்தொகுப்பைக் கம்பெனி முடக்கிவைத்ததையும் இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். அது 1996இல்தான் வெளிவந்தது. அவர் இறந்து 13 வருடம் கழித்து. உயிரோடிருந்தபோதும் அந்தக் குரல் அவர் வசம் இல்லை.

தடை செய்யப்பட்ட படம் கள்ள வீடியோப் பிரதிகளாகக் கை மாறிக் கை மாறிப் பிழைத்தது. நான் பார்த்ததும் பிரதியின் பிரதிதான். பொம்மைகளின் முகம் கரைந்து, குரல் மட்டும் மிஞ்சியிருந்தது.

தங்கையைப் பறிகொடுத்த அண்ணனின் வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வலிக்குச் சட்டத்தில் இடமில்லை. பாட்டின் உடைமைக்குத்தான் இடம். வலியைச் சொல்ல உடைமையின் மொழிதான் கிடைக்கிறது என்றால், செத்த பெண்ணின் மொழியை யாரிடம் போய்க் கேட்பது? அனுமதி வாங்கிய படங்கள் இந்தக் கேள்வியை எழுப்பக்கூட முடியாது. பிறர் வாழ்க்கையை எழுதுகிற நாமும் யார் சம்மதத்துக்காக எதை விட்டுவிட்டு எழுதுகிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.