சிட்னியின் நடைபாதைச் சொல்

ஒரு நகரத்தின் காட்சி அடையாளம் என்றவுடன் கட்டடங்களும் பாலங்களுமே நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் அவற்றோடு ஒரு சொல்லும் சேர்ந்துகொண்டது. முடிவில்லாக் காலத்தைக் குறிக்கும் 'எடர்னிட்டி' என்னும் அந்த ஆங்கிலச் சொல்லை, ஆர்தர் ஸ்டேஸ் (1885-1967) என்பவர் 1932 முதல் ஏறத்தாழ 35 ஆண்டுகள் நடைபாதைகளில் சுண்ணக்கட்டியால் எழுதிவந்தார். ஐந்து இலட்சம் முறை எழுதியிருப்பார் என்பது வழங்கிவரும் மதிப்பீடு. எழுதியவர் யாரென்பதை 1956 வரை நகரம் அறியவில்லை.

இன்று அவரைத் தெருவோவியர் என்பது பின்னாளில் ஒட்டப்பட்ட பெயரே. அவர் குடியிலிருந்து மீண்டு சமயப் பற்றாளர் ஆனவர். ஏசாயா 57:15ஐ ஒட்டி ஜான் ரிட்லி நிகழ்த்திய சொற்பொழிவைக் கேட்டபின் எழுதத் தொடங்கினார். எழுத்தறிவு மிகக் குறைந்த அவருடைய கையில் அச்சொல் மட்டும், காப்பர்பிளேட் எனப்படும் சரிந்து சுழியும் எழுத்துப் பாணியில் ஒழுங்குற அமைந்தது.

எழுவாயும் பயனிலையும் அற்ற இத்தனிச்சொல் ஒரு முழு வாக்கியத்தின் பணியைச் செய்தது. நடைபாதை என்னும் இடம், குனிந்து நடக்கும் வாசகர், மழையில் கரையும் சுண்ணம் ஆகியவை சேர்ந்து அதனை எச்சரிக்கையாக்கின. பின்னர் மார்ட்டின் ஷார்ப் என்னும் ஓவியர் தம் படைப்புகளில் அதனைக் கையாண்டார். 2000ஆம் ஆண்டு பிறந்த இரவில் வாணவேடிக்கையினூடே துறைமுகப் பாலத்தின்மீது அதே கையெழுத்து வடிவில் அது ஒளிர்ந்தது. வரிவடிவம் மாறவில்லை, கூற்றின் நோக்கம் மாறிவிட்டது. குனிந்து படித்த எச்சரிக்கை, அண்ணாந்து பார்க்கும் கொண்டாட்டமாயிற்று. இதனை ஸ்டேஸுக்கு நகரம் செய்த மரியாதை என்பர். அவருடைய கையெழுத்தை ஏற்றுக்கொண்டு, அவர் சொல்ல வந்ததை நகரம் கைவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மொழிபெயர்ப்பாளரின் இடர்ப்பாடும் இங்கேதான் தொடங்குகிறது. மேற்சுட்டிய ஏசாயா பகுதியில் பழைய தமிழ் விவிலியம் 'நித்தியவாசி' என்று ஆள்கிறது. அத்தொகையிலிருந்து பிரிந்து தனித்து நின்றால், 'நித்தியம்' நாள்தோறும் என்ற பொருளையும் தரும். 'நித்திய பூசை' என்னும் வழக்கை நோக்குக. 'முடிவின்மை' கணக்கியல் கலைச்சொல்லாக ஒலிக்கிறது. 'என்றென்றும்' வினையை அவாவி நிற்பது. தனித்து நிற்கும் பெயர்ச்சொல்லின் கனம் அதற்கில்லை. நடைபாதையைப் பற்றி எழுதுகையில், குறை இருப்பினும், 'நித்தியம்' என மொழிபெயர்க்கலாம். அங்கே அது பொருளுக்காக எழுதப்பட்டது. பாலத்தைப் பற்றி எழுதுகையில் ஒலிபெயர்ப்பே தகும். ஒரே கட்டுரையில் இரண்டும் வருவது வாசகருக்கு இடறலாம்; ஆனால் அச்சொல்லின் வரலாற்றிலேயே அவ்விடறல் உள்ளது. 2001இல் கான்பராவில் தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது ஒரு காட்சிக்கூடத்துக்கு அச்சொல்லையே சூட்டினர். அதற்குள் அது இடுகுறிப்பெயருக்கு வெகு அருகில் வந்துவிட்டது.